அம்மா பாஸாகிவிட்டார்

வெளிநாட்டில் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு ‘யெஸ்ஸம்மா’ என்று பெயர் வைத்தவர் அங்கே சமைக்கிற தமிழ் அண்ணன். யார் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி “யெஸ் மேடம்” என்பாள். வீட்டில் அவள் பேச ஆரம்பித்தால் யாரும் இடையில் புக முடியாது. வேலைக்கு வந்தால் வாயில் பூட்டு. கணவன் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தான்: “புரியலன்னு மட்டும் சொல்லிடாத. வேற ஆள் பார்த்துக்குவாங்க.”

பாதி புரியும். மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வாள். குளிப்பாட்டவும் சாப்பாடு ஊட்டவும் அது போதுமாகத்தான் இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். பிடிமானமில்லாமல் நடந்து காட்டினால் மகள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் தலை வாரிவிட்டு, தாழ்வாரத்தில் கைத்தாங்கலாக நடக்கவைப்பது யெஸ்ஸம்மாதான். இருவருக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்துக்கொண்டே சிரித்துச் சிரித்து நடப்பார்கள்.

விடுப்பு முடிந்து அவள் வந்த காலையில் அந்தக் கட்டில் காலி. புது விரிப்பு போட்டிருந்தது. தலைமை நர்ஸ் அவள் தோளைத் தொட்டு மெல்ல ஏதோ சொன்னார். ‘பாஸ்’ என்பது மட்டும்தான் காதில் தெளிவாக விழுந்தது. பாஸ் என்றால் அவளுக்குத் தெரியாதா? நடந்து காட்டி ஜெயித்துவிட்டார்! “வெரி குட் மேடம்” என்றாள். நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது, போய்விட்டார்.

சாமான்களை எடுத்துப்போக மகள் வந்தாள். இவள் ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, “மதர் பாஸ்! ஐ ஆம் ஹேப்பி” என்றாள். மகளின் முகம் வெளிறியது. கைகளை உருவிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

சமையல் அண்ணன்தான் இவளைத் துணி அறைக்குள் இழுத்துப்போனார். “அந்தம்மா போயிட்டாங்கம்மா. நாம ‘தவறிட்டாங்க’ன்னு சொல்றோமில்ல, அதைத்தான் இவங்க ‘பாஸ்ட்’னு சொல்வாங்க.”

அழுவதா, வெட்கத்தில் சாவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, யாரோ தள்ளிவிட்டதுபோல எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

மகள் காரில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், நடக்கிற சோதனையில் பாஸ் என்று நினைத்துவிட்டேன் என்பதைப் பாதி சொல்லியும் பாதி நடந்து காட்டியும் விளக்கினாள். மகள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். அம்மா நன்றாக நடந்தாரா என்று கேட்டாள். தாழ்வாரத்தின் கோடிவரை நடந்தார் என்று இவள் கையை நீட்டிக் காட்டினாள். மகள் கார்க்கதவைப் பிடித்தபடி அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை, அழுது முடியும்வரை கூடவே நின்றாள்.

மறுநாள் காலையில் நர்ஸ் வழக்கம்போல மடமடவென்று வேலைகளைச் சொல்லிக்கொண்டு போனார். “ஸாரி மேடம், புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பச் சொன்னார். அப்போதும் ஒரு சொல் பிடிபடவில்லை. மறுபடியும் கேட்டாள்.

கடைசி அறைப் பெரியவருக்குத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி மூச்சு அடைத்துவிடும் என்று அப்போதுதான் விளங்கியது. அதைத் தன் வார்த்தையில் சொல்லிக் காட்டி, நர்ஸ் ஆமென்று தலையாட்டிய பிறகே அந்த அறைக்குப் போனாள். கெட்டியாக்கும் பொடியைத் தண்ணீரில் கரண்டியால் கலக்கி, முதல் வாயைக் கொடுத்துவிட்டு, அவர் விழுங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.