இடது பின்னங்காலில் இரண்டு வெட்டு

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மனு அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வக்கீல் வாரத்துக்கு நாலு தடவையாவது அலுத்துக்கொள்வார்.

ஒரு நாள் பேரணாம்பட்டிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்தார். சந்தைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, வேறொருவருடைய டேனரியில் கூலி கொடுத்துப் பதனிடுகிறவர். அந்த டேனரி முதலாளி விற்பனை வரி கட்டவில்லை. அதிகாரிகள் வந்து உள்ளே இருந்த சரக்கை எல்லாம் ஜப்தி செய்து பூட்டிவிட்டார்கள். அதில் இவருடைய முந்நூறு தோலும் மாட்டிக்கொண்டது.

"சுண்ணாம்புக் குழியிலேந்து எடுத்து முடி நீக்கின ஈரத் தோலும்மா. நாளைக்குள்ள பதனிடற பட்டைத் தண்ணில போடலன்னா மொத்தமும் அழுகிடும். என் கைமுதலே அதான்" என்றார்.

வக்கீல் நிதானமாகச் சொன்னார்: "அடுத்தவன் வரிக்கு உங்க சரக்கை எடுக்க முடியாது, பாய். ஆனா அது உங்களுதுன்னு காட்டணும். பில் இருக்கா?"

"சந்தையில யாரு சார் பில்லு குடுக்கறாங்க? பேஜாராப் போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லார் தோலும் ஒரே குவியலாக் கெடக்குமே, உங்களுது எதுன்னு எப்படித் தெரியும் பாய்?"

அவர் முகம் தெளிந்தது. "இடது பின்னங்கால்ல ரெண்டு வெட்டும்மா. குழியில போடறதுக்கு முன்னாடியே கத்தியால வெட்டிடுவோம். ஆளுக்கு ஒரு குறி. இல்லன்னா கூலிக்குப் போடறவங்க சரக்கெல்லாம் கலந்துடும்."

அதை அப்படியே மனுவில் அடித்தேன். நகலைத் தூக்கிக்கொண்டு நானும் அவர்களோடு கிளம்பினேன். அந்த வெட்டைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தது.

டேனரியில் அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். "நாங்க வர்றது தெரிஞ்சு அவசரமா வெட்டியிருக்கலாமே?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். நானும் பாயைப் பார்த்தேன்.

"என் தோல்ல நீங்களே ஒண்ணு வெட்டிப் பாருங்க சார்" என்றார் பாய்.

அதிகாரி வெட்டினார். புதிய வெட்டின் ஓரம் கூராக இருந்தது. பழைய வெட்டுகள் சுண்ணாம்பில் ஊறி, விளிம்பு உப்பி மழுங்கியிருந்தன. நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். எனக்குப் பிறகு அதிகாரியும் தடவினார். பட்டியலில் குறித்துக்கொண்டு, தோலை விடுவிக்கக் கையெழுத்துப் போட்டார்.

பாய் தன்னுடையதைப் பொறுக்கி எடுத்தார். வாலோரம் ஒரு வெட்டு, கழுத்தில் மூன்று வெட்டு என்று வேறு குறி போட்ட தோல்கள் மிச்சம் கிடந்தன. "இதெல்லாம் என்ன சார் ஆகும்?" என்று வக்கீல் கேட்டார்.

"உடையவங்க மனு குடுத்தா பாக்கலாம்" என்று அதிகாரி பூட்டைப் பூட்டினார்.

பாய் தள்ளுவண்டியின் பின்னாலேயே வேறு டேனரிக்கு ஓடினார். நான் ஜெயித்த குஷியில் பஸ் ஏறினேன். நாலைந்து நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். தெருமுனையிலேயே அழுகின தோலின் நாற்றம் அடித்தது. அரசாங்கம் எடுத்தால் அரசாங்கத்துக்குத்தான் என்று நினைத்து, மிச்சத் தோலுக்குச் சொந்தக்காரர்கள் யாருமே மனு கொடுக்க வரவில்லையாம்.

எந்தக் குறி யாருடையது என்று பாய்க்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர்களுக்கு ஆள் அனுப்பி, அன்று மாலைக்குள் இன்னும் நாலு மனு அடித்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.