தங்கராசு இடித்த ஷெட்

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் தமிழ்மாறன் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டுத் தோட்டத்தில், ஒரு ஷெட் கட்டித் தங்கராசுவும் அவன் மனைவி கனகமும் ஐந்து வருடம் குடியிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த ஷெட்டைத் தங்கராசுவே கடப்பாரை எடுத்து இடித்தான். நான் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கராசுவின் ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது, சில வீடுகளில் ஒருவருக்கு வேலையும் வந்தது. தங்கராசுவின் அப்பா ஊரார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். குடிசை இருந்த இடம் ஏரிப் புறம்போக்கு. பட்டா இல்லாததால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஊர் காலியானபோது அவர்களும் காலி செய்தார்கள், அவ்வளவுதான். தங்கராசு டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிற மந்தாரக்குப்பத்துக்கு வந்து கொத்தனார் வேலை பழகினான். பிறகு டவுன்ஷிப் பராமரிப்பு வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தான். உள்ளே போய்வர ஒரு பாஸ் கொடுத்தார்கள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பான். தூங்கும்போதுதான் கழற்றுவான் என்று கனகம் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பராமரிப்பு என்றால் உடைந்த சாக்கடையைக் கட்டுவது, பெயர்ந்த பூச்சைப் பூசுவது. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் அனுமதி இல்லாமல் கட்டியதை இடிப்பது. டவுன்ஷிப்பில் இதற்கு விதி இருக்கிறது, சர்க்குலர் இருக்கிறது. ஆனால் எங்களுக்கெல்லாம் வாய்வழியாகத் தெரிந்தது இதுதான்: நாலு கால் நட்டு ஓலை போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். செங்கல் வைத்தால் அது கட்டடம், நோட்டீஸ் வரும். அந்தக் கட்டடத்தின் உள்ளே அடுப்பு எரிந்தால் அது வீடு, வெளியாளை வைத்த குற்றமும் சேரும். இவ்வளவு தெரிந்தும் தெருவுக்கு நாலு வீட்டில் ஷெட் இருந்தது. மாடு கட்டினார்கள், ஸ்கூட்டர் நிறுத்தினார்கள், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வாடகைக்கும் விட்டார்கள். என் வீட்டிலும் ஒன்று இருந்தது.

அவற்றில் பாதியை ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கராசுதான் கட்டினான். வாரநாளில் இடிக்கப் போகிறவனும் அவன்தான். அதனால் அடுத்தவர்களுக்குக் கட்டும்போது செம்மண் குழைத்துத்தான் கல் வைப்பான். "நாளைக்கு இடிக்கச் சொன்னா கல்லு ஒடையாம வரணும் சார், நீங்க வேற எடத்துல வெச்சிக்கலாம்" என்பான்.

தமிழ்மாறன் என்னோடு ஒரே ஒர்க்‌ஷாப். பெர்மனன்ட், என்னைவிட மூத்தவர். 2011இல் அவர்தான் தங்கராசுவைக் கூப்பிட்டு, "மந்தாரக்குப்பத்துல எதுக்கு வாடகை குடுக்குற? எங்க தோட்டத்துல நீயே ஒண்ணு கட்டிக்க. கல்லு நான் தரேன். கனகம் வூட்டு வேலைக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார். வாடகைக்குப் பதிலாகக் கனகம் முன்வீட்டில் பாத்திரம், துணி, கூட்டுவது எல்லாம் பார்த்தாள். தங்கராசு அந்த ஷெட்டை மட்டும் செம்மண்ணில் வைக்கவில்லை. சிமெண்ட் வாங்கிக் கலந்து கட்டினான். பத்துக்குப் பன்னிரண்டு, ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

அந்த வருடக் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. தமிழ்மாறன் வீட்டுப் பலாமரம் சாய்ந்து அவர்கள் சமையலறைமேல் விழுந்தது. தங்கராசுவின் சுவர் அசையவில்லை. ஷீட்டின்மேல் முன்கூட்டியே மண்மூட்டை அடுக்கிக் கட்டியிருந்தான். தமிழ்மாறனும் அவர் மனைவி அன்புக்கரசியும் மூன்று நாள் அந்த ஷெட்டில்தான் இருந்தார்கள். கனகம் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள். "நீ இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம் கனகம்" என்று அன்புக்கரசி சொன்னதை நானே கேட்டேன்.

2016இல் தமிழ்மாறனுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் கொடுத்தபோது இருந்தபடியே திருப்பி ஒப்படைத்தால்தான் கணக்கு முடிப்பார்கள். தோட்டத்தில் ஒரு சுவர் நின்றாலும் காகிதம் நகராது. ஒருநாள் ஷிப்ட் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷெட் விஷயமா லெட்டர் குடுத்துட்டேன்" என்றார். "நான் மெடிக்கல் லீவுல ஊருக்குப் போயிருந்தப்ப வெளியாள் எவனோ அத்துமீறி உள்ள வந்து கட்டிட்டான், சொன்னா கேக்க மாட்டேங்குறான்னு எழுதியிருக்கேன். அவங்களே வந்து இடிச்சிருவாங்க. எம்மேல குத்தம் வராது."

"தங்கராசுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா டைம் கேப்பான். அவ வேற கர்ப்பப்பை எடுத்துட்டு வந்து படுத்திருக்கா. இரக்கம் பாத்தா என் செட்டில்மெண்ட் நின்னு போவும்." என் பக்கம் திரும்பி, "நீங்களும் சொல்லிறாதீங்க. உங்க தோட்டத்துலயும் ஒண்ணு நிக்குது" என்றார்.

நான் சொல்லவில்லை. இறங்கி வீட்டுக்குப் போகும்போது தங்கராசு வேலிக்கு அந்தப் பக்கம் கனகத்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான். "வாங்க சார்" என்றான். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வேலையாட்கள் டிராக்டர் டிப்பரில் வந்தார்கள். தங்கராசு அதில் கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தான். வண்டி எங்கள் தெருவில் திரும்பியபோதுகூட வேறு வீட்டுக்கென்றுதான் நினைத்தானாம். தமிழ்மாறன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இறங்கி, சூப்பர்வைசர் கருப்பசாமியிடம் ஓடினான். கருப்பசாமி விருதுநகர் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை.

"சார், இது நான் இருக்குற வூடுங்க."

"தெரியும். காலையில சீட்டப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு." கருப்பசாமி குரலைத் தாழ்த்தினார். "காகிதத்துல 'வெளியாள்'னுதான் இருக்கு, பேரு இல்ல. நீ வாயத் தொறந்தா உம் பேரு ஏறிரும். பேரு ஏறுனா பாஸைப் புடுங்கிருவாக. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. போய் எல்லாரோடவும் நில்லு."

"கனகம் எழுந்துகூட நடக்கலிங்க. தையல் போட்டு எட்டு நாளுதான் ஆவுது."

"நான் என்னப்பா பண்ண? ஆபீசர் வந்துக்கிட்டிருக்காரு."

அதிகாரி ஜீப்பில் வந்தார். கையில் கேமராவோடு இன்னொருவர். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு இருக்கறது இதுல?" என்று கேட்டார்.

"யாரோ வெளியாளுங்க சார்" என்றார் தமிழ்மாறன். "நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வயிற்றில் ஒரு கையை அழுத்தியிருந்தாள். முதலில் தமிழ்மாறனைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் நின்ற தங்கராசுவைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"உம் புருஷன் எங்கம்மா?" என்றார் அதிகாரி. "பேரு என்ன, எங்க வேல செய்றான்?"

அதிகாரி மறுபடி கேட்டார்.

"புருசன் இல்லீங்க" என்றாள்.

"இல்லன்னா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். சாமானை வெளியே எடுக்க அரை மணி நேரம் கொடுத்தார். அது அவர் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை, அவராகக் கொடுத்தது. மற்ற ஆட்கள் இரண்டு பேர் பாயையும் பாத்திரத்தையும் எடுத்து வைத்தார்கள். தங்கராசு நகரவில்லை. யாரோ ஒரு பொம்பளையின் சாமானுக்கு அவன் ஏன் ஓடவேண்டும் என்று கேள்வி வரும். தகரப்பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கனகமே குனிந்து இழுத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் பெட்டி இடித்து நின்றது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கராசு ஒரு அடி முன்னால் வைத்தான். கருப்பசாமி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்.

ஆட்கள் அவளைக் கைத்தாங்கலாக முன்வீட்டு வராண்டாவில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அன்புக்கரசி வெளியே வந்தாள்.

"இங்க வேணாம் கனகம். போட்டோ எடுக்கறாங்க. நாங்கதான் வெச்சிருந்தோம்னு ஆயிடும். ரோட்டோரம் போய் உக்காந்துக்க."

"கொஞ்ச நேரங்க்கா. தல சுத்துது."

"சொல்றத கேளு."

கனகம் ரோட்டோரம் முந்திரி மரத்தடிக்குப் போனாள். என் மனைவி வேலி வழியாக ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குப் போனது அது ஒன்றுதான்.

ஷீட்டைக் கழற்றியதும் சுவரில் கை வைத்தார்கள். மற்ற ஷெட்டெல்லாம் நாலு தட்டில் சரிந்துவிடும். இது சரியவில்லை. சிமெண்ட் பிடித்திருந்தது. இரண்டு ஆட்கள் மாறி மாறிக் குத்தியும் பூச்சுதான் உதிர்ந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எவன்யா கட்டுனது, இவ்ளோ கெட்டியா?" என்றார். கருப்பசாமி தங்கராசுவைப் பார்த்தார். எங்கே குத்தினால் வரும் என்று அவனுக்குத்தான் தெரியும். தங்கராசு முன்னால் போனான். ஜன்னலுக்குக் கீழே மூலையில் கடப்பாரையை விட்டு நெம்பினான். அரை மணியில் அந்தப் பக்கச் சுவர் முழுதாக விழுந்தது. பிறகு அவன் நிறுத்தவே இல்லை. மற்றவர்கள் தண்ணீர் குடிக்க நின்றபோதும் குத்திக்கொண்டே இருந்தான்.

கனகம் மரத்தடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

மதியத்துக்குள் தரைமட்டம். நல்ல கல்லைத் தமிழ்மாறன் தனியாக அடுக்கச் சொன்னார். வடலூரில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார், அங்கே போனது. மீதியை டிப்பரில் ஏற்றினார்கள். அடுத்த வேலை வேறு பிளாக்கில் இருந்தது. தங்கராசுவும் ஏறிப் போகவேண்டியிருந்தது. கனகத்தைத் தாண்டித்தான் வண்டி போனது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவன் சைக்கிளில் வந்தபோது அவள் பெட்டிமேல் தலை வைத்துப் படுத்திருந்தாள். புடவையில் ரத்தம் இருந்தது.

தையல் விட்டுச் சீழ் பிடித்து, கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குமேல் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அதன்பிறகு கனமாக எதையும் தூக்க முடியாமல் போனது. குறிஞ்சிப்பாடியில் அவள் தங்கை சின்னம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அவன் மந்தாரக்குப்பத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கினான். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவள் சோறு போடுவாளாம், பேசுவாளாம். அன்று நடந்ததை இருவருமே எடுக்கவில்லை. "அது என் பாஸுக்காகத்தான் அப்பிடிச் சொல்லிச்சு. எனக்குத் தெரியுங்க" என்று கருப்பசாமியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

அந்தப் பாஸ் மறுவருடமே போய்விட்டது. கான்ட்ராக்ட் வேறு ஒருவர் கைக்கு மாறியது. புது ஆள் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். தங்கராசுவை யாரும் குற்றம் சொல்லவில்லை, பெயரும் எங்கும் ஏறவில்லை. சும்மா, வேண்டாம் என்றார்கள்.

நாலு மாதம் சரியாக வேலை இல்லை. அப்போதுதான் தமிழ்மாறன் ஆள் அனுப்பினார். வடலூர் வீடு முடிந்திருந்தது. பின்பக்கம் அஞ்சடி காலி விடவேண்டும் என்று பிளானில் இருந்தது. அந்த இடத்தையும் சேர்த்து ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம் என்று அவர் திட்டம்.

"மதில ஒசத்திட்டா வெளியிலேர்ந்து தெரியாது" என்றாராம். "பழச மனசுல வெச்சிக்காத தங்கராசு. அன்னிக்கு எனக்கு வேற வழி இல்ல. உன்ன மாதிரி சுவரு வேற எவனும் வைக்க மாட்டான், அதான் கூப்புட்டேன்."

தங்கராசு ஒப்புக்கொண்டான். பதினாறு நாள் வேலை. அடுத்த ஞாயிறு கனகத்திடம் அவனாகவே சொன்னான். மறைத்திருக்கலாம். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. இதைச் சின்னம்மாள்தான் பிறகு என் மனைவியிடம் சொன்னாள்.

"அவரு வூட்டுக்கா?" என்றாளாம் கனகம்.

"கூலிக்குத்தான கனகம். நாலு மாசமா சும்மா குந்திகினு இருந்தேன்."

"செவுரு எப்பிடி வெச்ச?"

"எப்பிடின்னா?"

"சிமிட்டா, மண்ணா?"

"சிமிட்டுதான்."

கனகம் குழம்பு ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அவன் போனபோது அவள் இல்லை. தங்கை மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள், அவளோடு போய்விட்டாள். உட்கார்ந்து துணியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலையாம். போன் நம்பர் கேட்டான். சின்னம்மாள் தயங்கிவிட்டு, "குடுக்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்குது மாமா" என்றாள்.

அவன் திருப்பூருக்கு ஒருமுறை போனான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இரண்டு நாள் கம்பெனி கம்பெனியாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

2019இல் நான் ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு மாதம் இருக்கும்போது மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் அவனைப் பார்த்தேன். காலை நேரம். கூலிக்கு ஆள் கூப்பிடுகிறவர்களுக்காக நிற்கிற கூட்டத்தில் பூச்சுக் கரணையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான். கனகம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"திருப்பூர்ல இருக்குதுங்க. நல்லாருக்குதாம்."

பஸ்ஸில் தமிழ்மாறன் என்னிடம் சொன்னதை அவனிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"உங்க தோட்டத்து ஷெட்டு இன்னும் நிக்குதா சார்? ஒப்படைக்கறதுக்கு முன்னாடி எடுக்கணுமே. சொல்லுங்க, வந்து எடுத்துக் குடுக்கறேன். அது மண்ணுதான், ஒரு நாள் வேல."

சரி என்றேன். வியாழக்கிழமை வரச் சொன்னேன்.