சித்திரை ஒன்றில் நட்ட புடலை

அந்த வருஷம் சித்திரை ஒன்றாம் தேதி அம்மா கொடுத்த பாயசத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எழிலரசி ஆன்ட்டி கொல்லைப்புறத்தில், ஜன்னலை ஒட்டிய பாத்தியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். தயிர் டப்பாவிலிருந்து ஒரு புடலை நாற்றை வேர்மண்ணோடு கையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆன்ட்டி, இன்னிக்கே நடறீங்க?"

"ஏன், நடக்கூடாதா?"

"மதர்ஸ் டேக்கு முன்னாடி நீங்க யாருக்கும் நாத்தே தரமாட்டீங்களே."

"அது ஊருக்கு. இது எங்க ஊட்டுக்கு."

"வெதர் ஆப்ல மறுபடி குளிரும்னு போட்டிருக்கு ஆன்ட்டி."

"நானும் பாத்தேன் கண்ணு."

குழியை மூடி, மண்ணை உள்ளங்கையால் தட்டினார். நான் நின்றுகொண்டே இருந்ததால் அவராகவே சொன்னார். "மே மாசம் நட்டா ஆகஸ்ட்லதான் காய் வரும். டாக்டர் ஆகஸ்ட் சொல்லலையே."

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கதிர் அங்கிளின் குரல் வந்தது. "அங்க என்ன ரெண்டு பேரும் ரகசியம்? மதி, பாயசத்துல முந்திரி இருக்குதா? இல்லைன்னா திருப்பி அனுப்பிரு."

"இருக்கு அங்கிள்."

"அப்பச் சரி. அரசி, இத்தன வருஷமா மே வரைக்கும் என்னைய மம்பட்டியத் தொட உடல நீயி. இப்ப யாரு சித்திரை ஒண்ணுல நடறதுன்னு பாரு!"

"நல்ல நாளுங்க" என்றார் ஆன்ட்டி, திரும்பிப் பார்க்காமல்.

அந்தப் பதில் எவ்வளவு விசித்திரமானது என்பது எங்கள் அமெரிக்க ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தோட்டம் போடும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியும். ஆன்ட்டி ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறார். குளிர்பெட்டியின் வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் ஒரு தொகுதி மருந்தையே நிறுத்திவைக்கிறவர். தோட்டத்திலும் அப்படித்தான். பேஸ்மெண்டில் விளக்கு வைத்து வளர்த்த கத்தரி, அவரை, புடலை நாற்றுகளை உறைபனி பயம் நீங்கிய பிறகு, மே மாதம் வரும் மதர்ஸ் டே அன்று காலையில்தான் டிரைவ்வேயில் கொண்டுவந்து அடுக்குவார். பை எடுத்துக்கொண்டு ஊரே வரும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் யாராவது தமிழ்ப் புத்தாண்டுக்கே நாற்று கேட்டு வந்து நிற்பார்கள், நல்ல நாளில் நட்டால் நன்றாக வரும் என்று. ஒருமுறை சாரதா ஆன்ட்டி வந்தபோது இவர் சொன்னது எங்கள் தெருவில் பிரபலம். "சித்திரை கோபிசெட்டிபாளையத்துக்குத்தானுங்க. இங்க இன்னும் மார்கழிதான்."

பொங்கலுக்கு முன்புதான் அங்கிளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பங்குனியில் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். மாடி ஏற முடியாததால் கீழே ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். அவர் தனக்கென்று கேட்டது ஒன்றுதான். புடலைப் பந்தலை இந்த முறை ஜன்னலை ஒட்டிப் போட வேண்டும், ஜன்னலின் கொசுவலையைக் கழற்றிவிட வேண்டும். படுத்தபடியே கைக்கு எட்ட வேண்டும்.

புடலைப் பிஞ்சு சுருளாமல் நேராக இறங்க அதன் நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டுவார்கள். அந்த வீட்டில் அது அங்கிளின் வேலை. வருஷா வருஷம் கடற்கரையிலிருந்து வழுவழுப்பான கற்களாகப் பொறுக்கிவந்து நூல் கட்டி வைத்திருப்பார். "தோட்டத்துல எனக்குக் குடுத்த ஒரே வேலை இதுதான். அதுலயும் பாதிய பூமியே இழுத்துப் பாத்துக்குது" என்று சிரிப்பார். போன வருஷத்துக் கற்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காத்திருந்தன.

ஏப்ரலில் திடீரென்று சட்டை வியர்க்கும் அளவுக்கு வெயில் அடித்தது. நாற்றுகள் கயிறு பிடித்து ஏறின. ஆன்ட்டியின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. மாதக் கடைசியில் குளிர் திரும்பியது. உறைபனி எச்சரிக்கை வந்த சாயங்காலம் நானும் அவரும் செடிகளை மூடினோம். பிளாஸ்டிக் இலையில் பட்டால் கருகிவிடும், துணிதான் வேண்டும் என்று அங்கிளின் வேட்டிகளை எல்லாம் எடுத்துவந்தார். துணி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தோம்.

"வேட்டி கட்டின புடலைய இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அங்கிள். "மாப்ள மாதிரி இருக்குது."

காலையில் நான் போனபோது ஆன்ட்டி வேட்டிகளை விலக்கிக்கொண்டிருந்தார். கொதிநீரில் போட்டு எடுத்த கீரையைப் போல இலைகள் கறுத்துத் தொங்கின. ஒவ்வொரு தண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். எதிலும் உயிர் இல்லை.

அங்கிள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னும் விதை இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அப்புறமென்ன."

ஆன்ட்டி பேஸ்மெண்டுக்குப் போனார். கீழே குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது. நான் வேட்டிகளை மடித்துவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடி விதைத்து, மே மாதம் மறுபடி நட்டார். அந்த மதர்ஸ் டேக்கும் டிரைவ்வேயில் நாற்றுகள் இருந்தன. வந்தவர்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜூன் பிறந்து கொடி ஜன்னலை எட்டியது. சாயங்காலங்களில் ஓரம் பிரிந்த நூல் போன்ற வெள்ளைப் பூக்கள் மலர்ந்தன. எல்லாம் ஆண் பூக்கள். அடியில் பிஞ்சோடு வரும் பெண் பூ ஒன்றுகூட இல்லை. "பிஞ்சு உட்டுதா?" என்று அங்கிள் தினமும் கேட்டார். பிறகு கேட்பதற்குப் பதிலாகப் பார்க்க மட்டும் செய்தார்.

ஜூன் முடியுமுன் அவர் போய்விட்டார்.

ஆகஸ்டில் பந்தல் தாங்காமல் காய்த்தது. ஆன்ட்டி ஒரு காயைக்கூடப் பறிக்கவில்லை. கல் கட்ட ஆள் இல்லாமல் எல்லாம் சுருண்டு, பழுத்துச் சிவந்து, கொடியிலேயே வெடித்தன. ஜன்னல் விளிம்பில் கற்கள் நூலோடு அப்படியே இருந்தன. அந்த வரிசையில் ஒரு கல் மட்டும் இல்லை. அதைப் பற்றி நானும் ஆன்ட்டியும் இன்றுவரை பேசியதில்லை.

அவர் போவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு மத்தியானம் ஆன்ட்டி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. அங்கிள் தூங்குகிறார் என்றார். நான் எடிசன் ஊர்ப்பக்கம் இந்தியக் கடைக்குப் போவேனா என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

"ஒரு புடலங்கா வேணும் கண்ணு. பெருசு வேண்டாம், பிஞ்சாப் பாத்து எடு. காம்போட இருக்கோணும், கொடியில வெச்சுக் கட்ட." படியில் இறங்கப் போனவர் திரும்பினார். "நேரா இருக்கறத எடுத்துராத. வளைஞ்சதாப் பாத்து வாங்கிட்டு வா. கல்லு கட்ட அவருக்கு வேலை இருக்கோணுமல்ல."