சாமி காயும் டாக்டர் கேட்ட கேள்வியும்

"இவருக்குத் தலையில் எப்போதாவது அடி பட்டிருக்கிறதா?" என்று அண்ணனைக் காட்டி ஆம்பூர் டாக்டர் கேட்டபோது, "இல்லீங்க, ஒரு சிராய்ப்புகூட இல்ல" என்று சொன்னது நான்தான். பக்கத்தில் நின்ற அண்ணியும் ஆமாம் என்று தலையாட்டினார். ஜோலார்பேட்டை ரயில் ஆபீஸில் குமாஸ்தா, நாலெழுத்து படித்தவன் என்று எனக்குப் பெயர். என் புத்தி அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. தோல் கிடங்கில் வெள்ளாட்டுத் தோல் எது, செம்மறித் தோல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவியே பிரிப்பவர். அப்படிப்பட்டவர் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். "ரொம்ப பேஜாராப் போச்சுப்பா, டாக்டர்கிட்ட காட்டு" என்று முதலாளி பாயே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டிலோ, சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சோறு கேட்பார். அண்ணியை அதட்டிக்கூடப் பேசாத மனிதர், சொம்பை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் குலதெய்வத்துக்கு ஆடியில் தலையில் தேங்காய் உடைப்பது வழக்கம். வேண்டிக்கொண்டவர்கள் வரிசையாக உட்கார, பூசாரி ஒவ்வொருவர் மண்டையிலும் காயை ஓங்கி உடைத்துக்கொண்டே போவார். பதினாறு வயதிலிருந்து அண்ணன் ஒரு வருஷமும் தவறியதில்லை. மழை பொய்த்தால் ஒரு காய், ஆடு நோயில் விழுந்தால் ஒரு காய், என் பரீட்சைக்கும் ஒரு காய். இரண்டு தடவை மயங்கிச் சாய்ந்தார். அருள் வந்துவிட்டது என்று மஞ்சளை அப்பிக் கும்பிட்டோம். அதற்குப் போய் அடி என்று எங்களில் யார் பெயர் வைப்பார்கள்?

மறுநாளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருஷம் வாங்கிய அடி மூளையைக் கெடுத்திருக்கலாம். இனி ஒன்றுகூட விழக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் தாய்மாமா உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்குச் சித்தம் தெளிய, இந்த ஆடியில் மூன்று காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்கிற மூளையும் போய்டும் மாமா. அடி மேல அடி வாங்கித்தான் இப்படி ஆய்ட்டாரு."

"சாமி காய் அடியாடா? அடியே படலன்னு நீதானே டாக்டர்கிட்ட சொன்ன?"

அதற்கப்புறம் நான் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

திருவிழா அன்று அண்ணனை அறைக்குள் வைத்துத் தாழிட்டு, நானே வாசலில் காவல் உட்கார்ந்தேன். மாமா மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் மேளம் எழும்பியதும் அறைக்குள் தொம் தொம்மென்று சத்தம். கதவைத் தட்டுகிறார், தட்டட்டும் என்றிருந்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்த அண்ணி அலறினார். நெற்றியால் கதவை முட்டிக்கொண்டிருந்தார் அண்ணன்.

தாழைத் திறந்து ஓடி, அவர் தலையை என் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திமிறினார், கையைக் கடித்தார். அத்தனை கோபமும் எங்கே போயிற்றோ, எனக்கு அழுகைதான் வந்தது. "அண்ணா, நான்தாண்ணா" என்றேன்.

"யோவ், உடுய்யா" என்றார். "என் தம்பி கோயில்ல தனியா நின்னுனு இருப்பான். சின்னப் பையன், பயந்துக்குவான்."