பஸ்ஸில் வரும் ப

“உன் தோல உரிச்சு, உப்புத் தடவி, வெயில்ல காயப் போடல, நான் ஆம்பளையே இல்லடா!”

காமினி இதை உரக்கப் படிக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் கோப்பிக் குவளையோடு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார். அவள் அதையே இன்னொரு முறை, இப்போது சிரித்தபடி, வாலிபப் பையன் குரலில் படிக்கிறாள். “ம்ம். கூட்டாளிங்க பேச்சுலா இது. ஃபுட்சால் தோத்த கடுப்பு.” மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். அடுத்ததற்குப் போகிறாள். கோப்பிக் கடைக்காரர் சாதிக் மட்டும் அசைவதில்லை. “பயப்படாதீங்க, அது கம்ப்யூட்டர் வேல” என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் விளக்கம் சொல்கிறார்.

டத்தோ கெராமாட் சாலையில் ஒரு டயர் கடை, அதற்குப் பக்கத்தில் சாதிக்கின் கடை. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் காமினியின் அலுவலகம். முப்பத்து மூன்று வயது. செபராங் ஜெயாவில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறிப் பினாங்குத் தீவுக்கு வருகிறாள். மேலே குளிர்சாதனம் எலும்பைக் கடிக்கும் என்று மொட்டை வெயிலிலும் தலைமூடி வைத்த சட்டையைக் கழற்றமாட்டாள். எதைச் சாப்பிட்டாலும் எலுமிச்சை பிழிவாள். மீ கோரெங்குக்குப் பிழியலாம். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்குக்கும் பிழிகிறாளே, அதுதான் சாதிக்குக்குப் பொறுக்காது.

அவள் வேலையைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் நீளமான பெயர் வைத்துச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். சந்தையில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர்களுக்கு ஒரு வரியில் விளங்கிவிடும். இணையத்தில் கருத்துக்களம் என்று ஒன்று இருக்கிறது. நூறு பேர் கூடுவார்கள். விற்பார்கள், வாங்குவார்கள், வாடகை அறை கேட்பார்கள். அதில் பத்துப் பேர் சண்டை போடுவார்கள். சந்தை என்றால் வாசலில் விவரமான ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஆள் இத்தனை காலம் மனிதராக இருந்தார். இப்போது செயற்கை நுண்ணறிவு. அந்த வாசல்காரனுக்கு யாரை உள்ளே விடுவது, யாரிடம் கேள்வி கேட்பது என்று பழக்கிவிடுகிறவள் காமினி. அதை அவள் ‘கிராணி’ என்பாள். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மாதிரி எல்லாருக்கும் கணக்கு வைத்திருக்குமாம். யாருடைய கஷ்டமும் அதற்குத் தெரியாதாம்.

கிராணி சந்தேகப்பட்டுக் கொடி காட்டிய பதிவுகளைத்தான் அவள் உரக்கப் படித்துப் பார்ப்பது. “கண்ணால படிச்சா எல்லாம் திட்டாத்தான் தெரியும். வாயால சொன்னாத்தான் கொஞ்சலா குத்தலான்னு புரியும்” என்பாள். அமெரிக்காவில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்தச் சூட்சுமம் தெரியுமா? தெரியாது. பினாங்குக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

போன வியாழக்கிழமை காலை, காமினி மேலே அலுவலகத்தில் இருந்தாள். படிக்கட்டு அதிர ஒருவர் ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் லோரிச் சாவி.

“இங்க யாரு சிஸ்டம்?” என்றார்.

காமினி திரும்பிப் பார்த்தாள்.

“சிஸ்டம்னு ஒருத்தன் என்னை வெளிய தள்ளிட்டான். அந்த அறிவிப்புக்குக் கீழ உங்க விலாசம் போட்டிருக்கு. அவன வரச் சொல்லு தங்கச்சி. மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த கேக்கணும்.”

அவர் முனுசாமி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, அடுப்பு, நாற்காலி, பந்தல் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஒற்றைச் சைக்கிளில் கரண்டி கட்டிக்கொண்டு போய் ஆரம்பித்த தொழில். இன்று சொந்த லோரி ஓடுகிறது. அந்த மாதிரி ஆள் மூச்சு வாங்க வந்து நின்றால் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். காமினி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள்.

பினாங்குத் தமிழர்கள் கூடும் ஒரு கருத்துக்களம், காமினியின் கம்பெனி செய்த மென்பொருளில் ஓடுகிறது. அங்கே தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். சிம்பாங் அம்பாட்டில் புஷ்பவள்ளி என்ற அம்மாள் வீட்டில் அந்த ஞாயிறு மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள், பந்தல் போட எப்போது வருவீர்கள் என்று அந்த அம்மாள் களத்தில் முனுசாமியைக் கேட்டிருந்தார். முனுசாமி பதில் எழுதினார்: “வெள்ளிக்கிழம ராத்திரி பாராங்கோட வீட்டுக்கே வந்துருவேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்கள நான் பாத்துக்கிறேன். அக்கம்பக்கம் தெரியாம சத்தமில்லாம முடிச்சிட்டுப் போயிருவேன்.”

செவ்வாய் இரவு கிராணி அவரை நீக்கிவிட்டது. அவர் படத்துக்கு மேல் சிவப்புப் பட்டை: ‘கொலை மிரட்டல். நீக்கியவர்: சிஸ்டம்.’

காமினி அந்தப் பதிவைத் திரையில் எடுத்து வழக்கம்போல் உரக்கப் படித்தாள். பாதியில், வெட்டுக்கத்தி வந்த இடத்தில், அவளுக்கே குரல் இறங்கியது. “அண்ணே, நீங்க எதுக்கு பாராங் கொண்டு போறீங்க?”

“பாராங் இல்லாம எப்படிக் கல்யாணம் பண்ணுறது? அண்டா, அடுப்பு, நாக்காலி. பாராங்!”

அவர் சொன்னபோதுதான் அவளுக்குக் கேட்டது. அவள் படித்தது பழத்தில் வரும் ப. அவர் சொன்னது பஸ்ஸில் வரும் ப. முதலாவது மலாயில் வெட்டுக்கத்தி, இரண்டாவது சாமான். இங்கே பிறந்து வளர்ந்த வாய்க்கு இரண்டும் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ப.

காமினி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். முனுசாமி சிரிக்கவில்லை.

“புஷ்பவள்ளியம்மாவுக்குப் புரியும். அவங்க சம்பந்திக்கு? கெப்பாலா பத்தாஸ்ல இருக்காரு, புவனேஸ்வரன்னு. அவரு அந்தச் சிவப்பப் பாத்துட்டு, இந்த ஆளு வாசல்ல கால் வெச்சா நாங்க கல்யாணத்துக்கே வரமாட்டோம்னுட்டாரு. ஆர்டர் போச்சு. நேத்து இன்னும் ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க. முப்பது வருஷமா ஊருக்குச் சோறு பொங்க அண்டா கொடுத்தவன் தங்கச்சி நான். என்னைப் போய் கொலகாரன்னு எழுதிட்டான்.”

முதலாளி வில்லியம் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நிம்மதி. “இவ்வளவுதானா? பட்டைய எடுத்துரு. பாராங்குறத நல்ல வார்த்த லிஸ்ட்ல போட்டுரு. அஞ்சு நிமிஷ வேல. திங்கக்கிழம புது கஸ்டமர் பாக்க வர்றாங்க, அதுக்குள்ள சுத்தமா இருக்கணும்.”

“லிஸ்ட்ல போட முடியாது பாஸ்.”

“ஏன்?”

“போன மாசம் பார்க்கிங் சண்டையில ஒருத்தன் என்ன எழுதுனான்? ‘இன்னொரு தடவ என் வாசல்ல காடிய வெச்சா பாராங்தான் பேசும்’. அங்க என்ன அண்டாவா பேசும்?”

காமினி நாற்காலியை வில்லியம் பக்கம் திருப்பினாள்.

“கிராணி பதிவ மறைச்சு வெக்கட்டும், ஆளக் கூப்பிடட்டும். வெளிய தள்ளுற வேல அதுக்கு வேணாம். அதே மாதிரி ‘நீக்கியவர்’னு ஒரு இடம் இருக்குல்ல, அங்க சிஸ்டம்னு வரவே கூடாது. ஒரு மனுஷன் பேரு வரணும். நம்பரும் வரணும்.”

“ஆளே தேவையில்லன்னு சொல்லித்தானே காமினி நான் விக்கிறேன்!”

“திட்டு வாங்க ஆள் வேணும்ல பாஸ். கிராணிக்குக் காது கிடையாது.”

“யாரு பேரப் போடுவ?”

“இந்தக் களத்துக்கு என் பேரு.”

“போட்டுக்க. ரெண்டு நாள்ல நீயே அழுதுட்டு வருவ.”

அவள் பட்டையை எடுத்தாள். மன்னிப்புக் கேட்கும் வாசகத்தையும் கிராணியே எழுதித் தயாராக வைத்திருந்தது. அதை முனுசாமிக்குப் படித்துக் காட்டினாள்: “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.”

“யாரு வருந்துறா?”

“கம்பெனி, அண்ணே.”

“வருந்துகிறோம்னா? அந்த ‘றோம்’ யாரு யாரு? அந்தச் சிஸ்டமா? இவருக்கு ஒன்னும் வருத்தமாத் தெரியலையே” என்று முனுசாமி வில்லியம் பக்கம் தாடையை நீட்டினார். வில்லியம் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

காமினி அதை அழித்துவிட்டுத் தானே எழுதினாள். எழுத்துப் பிழை பார்க்கக்கூட கிராணியைக் கூப்பிடவில்லை.

“முனுசாமி அண்ணன் யாரையும் மிரட்டவில்லை. அவர் கொண்டுவருவதாகச் சொன்னது கல்யாணச் சாமான். பஸ்ஸில் வரும் ப. எங்கள் மென்பொருள் அதைப் பழத்தில் வரும் ப என்று எடுத்துக்கொண்டு அவரை வெளியே தள்ளியது. தப்பு எங்களுடையது. சந்தேகம் உள்ளவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். காமினி.” கீழே சொந்தக் கைத்தொலைபேசி எண்.

களத்தின் முகப்பில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அதைப் போட்டாள். முனுசாமி, தமக்குத் தெரிந்த நாலு பேரிடம் சொல்லி அதைக் கெப்பாலா பத்தாஸுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு காமினி கீழேயிருந்து மீ கோரெங் வரவழைத்தாள். அவர் தொடவில்லை. அவளும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

தொலைபேசி அடித்தது.

“நீதான் காமினியா? புவனேஸ்வரன் பேசுறேன். என்ன வேல பாக்குற நீ? எங்க வீட்டுப் பொம்பளைங்க பயந்து செத்துட்டாங்க, தெரியுமா?”

“தப்புதாங்க.”

“தப்புன்னா சரியாப் போச்சா? படிச்ச பொண்ணுதானே நீ? பாராங்குக்கும் பாராங்குக்கும் வித்தியாசம் தெரியாதா?”

“சொல்லிக் கேட்டாத் தெரியுதுங்க. எழுதிப் பாத்தா எனக்கே தெரியல. நானும் முதல்ல தப்பாத்தான் படிச்சேன்.”

அந்தப் பக்கம் கொஞ்சம் அடங்கியது. “அந்த ஆளு எங்க இருக்காரு இப்ப?”

“என் எதுத்தாப்புலதான் உக்காந்திருக்காரு.”

“கையில என்ன?”

“லோரிச் சாவி.”

புவனேஸ்வரன் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல் சிரித்தது. அப்புறம் அவர் திரும்பி வந்தார். “சரி. சம்பந்தியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கே பாராங்க இறக்கச் சொல்லு. பந்தல் ஆடக் கூடாது, சொல்லிட்டேன்.”

“ஆடாது!” என்று முனுசாமி எதிரிலிருந்தே கத்தினார். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். “வர்றேன் தங்கச்சி, ஆளுங்களத் தேடணும்” என்று படிக்கட்டில் தடதடவென்று இறங்கிப் போனார். கீழே லோரி உறுமியது.

காமினி ஆறிப்போன மீயை முன்னால் இழுத்து எலுமிச்சையைக் கையில் எடுத்தாள். தொலைபேசி மறுபடியும் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், வில்லியம் மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி, சிஸ்டத்தின் மேல் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த கோபத்தைக் கொட்டத் தொடங்கியது. வில்லியம் நிமிர்ந்து பார்த்தார்.

காமினி எலுமிச்சையைக் கீழே வைத்தாள். தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டு, தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தாள்.

“சொல்லுங்கண்ணே” என்றாள்.