கவுன்சில் கராஜைப் பார்க்க வந்த நாள்

பிளாக்டவுன் பக்கம், புலம்பெயர்ந்து வந்த நாங்கள் ஆண்கள் சிலர் சேர்ந்து இருந்த வாடகை வீட்டை நினைத்தால், முதலில் ஞாபகம் வருவது கராஜிலிருந்து வரும் புட்டு வாசம்தான். வீட்டுக்குள் குசினி இருந்தது. ஆனால் கராஜில் குடியிருந்த அண்ணைக்கு அது ஆகாது. "உங்கட குசினியிலை மனிசர் சமைப்பினமோ?" என்பார். தனியாக ஒரு காஸ் அடுப்பு வைத்துச் சமைத்து, எங்கள் எல்லோருக்கும் போடுவார். திட்டும் கூடவே வரும். அந்தத் திட்டு இல்லாமல் சாப்பிடுவது எனக்கு இன்றைக்கும் அரைச் சாப்பாடுதான்.

அகதி வழக்கில் அவர் தோற்றிருந்தார். விசா முடிந்த பிறகும் ஊருக்குப் போகப் பயந்து இங்கேயே நின்றுவிட்டார். பார்க்கிங் தண்டம் எழுதுகிறவரின் சீருடையைக் கண்டால்கூடத் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்.

"அது கவுன்சில் அண்ணை, எங்கட நகரசபை மாதிரி. இமிகிரேஷன் இல்லை" என்பேன்.

"எல்லாம் ஒரே அரசாங்கம்தானடா. ஒரு ஃபோன் அடிக்க எவ்வளவு நேரம்?"

எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது. கிராம அலுவலருக்குத் தெரிந்தது ஆமிக்கும் தெரியும். அவரை எப்படிக் குறை சொல்வது?

ஒருநாள் காலை, கழுத்தில் கவுன்சில் அட்டை தொங்க ஒரு பெண்மணி வாசலில் நின்றார். கராஜில் யாரோ குடியிருப்பதாக அயலவர் முறையிட்டிருக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் கூசாமல் "இரண்டு பேர்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். எங்கள் வழக்கப்படி எல்லோரும் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள், ஒரு சின்னக் கோயில் திருவிழாவுக்குக் காணும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கராஜைத் திறந்து காட்டினேன். பாய், காஸ் அடுப்பு, கூரையில் தொங்கிய வயர்கள். அண்ணை சுவரோடு ஒட்டி நின்றார். அந்தப் பெண்மணி அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இங்கே படுப்பது ஆபத்து. தீப்பிடித்தால் தப்ப முடியாது. இவரை வீட்டுக்குள் எடுங்கள். வீட்டுக்காரருக்கு நான் எழுதுகிறேன்" என்றார். எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "யாருடைய விசாவையும் நாங்கள் கேட்பதில்லை. அது எங்கள் கவுன்சிலின் முடிவு. இங்கே பார்த்தது இமிகிரேஷனுக்குப் போகாது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலை கால் புரியாத சந்தோசம். என் அறையில் கட்டிலைத் தள்ளிப்போட்டு அண்ணைக்கு இடம் ஒதுக்கினேன். அவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். ஒருவரையும் திட்டவில்லை. பின்னேரம் "கடைக்குப் போட்டு வாறன்" என்று வெளிக்கிட்டவர் திரும்பி வரவேயில்லை. ஃபோனையும் நிறுத்திவிட்டார்.

வீட்டுக்காரர் அனுப்பிய மின்வேலைக்காரர் ஒருவர் வந்து வயர்களைக் கழற்றிக்கொண்டு போனார். வேறு ஒருவரும் வரவில்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை இமிகிரேஷன்காரர் அந்தத் தெருப்பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. கோபத்தைவிட, அவரை ஒருமுறை காணும் ஆசைதான் அதிகம். மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அன்னதான வரிசையில் அவர் முகத்தைத் தேடுகிறேன். கண்டால் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது.

"ஒருத்தரும் வரேல்லை அண்ணை. நீங்கள் நிண்டிருக்கலாம்."