செவ்வாய்க்கிழமைக்கு வாங்கிய அனுமதி

1995இல், ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நகர எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். கனடாவிலிருந்து வந்த அக்காவுக்குக் கொலோன் நகரத்துத் தேவாலயத்தைக் காட்ட, கால்கடுக்க நின்று செவ்வாய்க்கிழமைக்கு ஒரு கடிதம் வாங்கினேன்.

“செவ்வாயில பயணம் கூடாது தம்பி. திங்களே போவம்,” என்றார் அக்கா.

ஒரு நாள்தானே என்று நானும் புறப்பட்டேன். ரயிலில் பொலிஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார். “இது நாளைக்கல்லவா?” என்று கேட்டு, எங்களை இறக்கினார். மாலைவரை பொலிஸ் நிலையத்தில் இருந்தோம். கடிதத்தையும் பறித்துக்கொண்டார்கள்.

எரிச்சலில் அக்காவைக் குறைசொன்னேன். “நாள் பாக்காமல் கடிதம் எடுத்தது ஆருடைய பிழை?” என்றார் அவர்.

தேவாலயத்தைப் பார்க்காமலே அக்கா கனடாவுக்குத் திரும்பினார். அதன்பின் நாள் பார்த்த பிறகுதான் அனுமதி கேட்டேன். என்ன செய்வது, ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஜேர்மன் அதிகாரியும் சம்மதிக்க வேண்டும், செவ்வாய்க் கிரகமும் சம்மதிக்க வேண்டும்!